பழப்புளி பட்ட பிரெஞ்சுப் பூச்சாடி

ஒஸ்லோவிலை இருக்கிற எங்கடை தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்ற ஆக்கள் எல்லாரும் தாங்கள் பாத்த வேலையைப் பற்றி எழுத வேணுமாம். பல்டொக்டர் எழுதிக் குடுத்திட்டார். ட்ராம் ஓட்டினவர் எழுதிக் குடுத்திட்டார். என்னட்டைக் கேக்க வந்த தம்பி, "அக்கா, நீங்கள் பூச்சாடிக் கடையிலை நிண்டனீங்கள்தானே, உங்களுக்கு அரைப்பக்கம் காணும்" எண்டார். அரைப்பக்கமோ? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருசம் நிண்டனான் தம்பி, அரைப்பக்கத்திலை ஒரு பூச்சாடியின்ரை கைப்பிடியைப் பற்றியே எழுதி முடிக்க ஏலாது எண்டு சொல்லி, தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிப்போட்டு, அண்டைக்கே எழுதக் குந்தினனான்.

முதலிலை ஒண்டு. அது பூச்சாடிக் கடை இல்லை. ஒஸ்லோ நடுவிலை இருக்கிற ஒரு ஏலக்கடை. செத்தவையின்ரை வீட்டுச் சாமானும், வீடு மாறுறவையின்ரை சாமானும் அங்கை வரும். வாற சாமானிலை எங்கை வெடிப்பு, எங்கை ஒட்டு, எங்கை பிறகு பூசின பூச்சு எண்டு கண்டுபிடிச்சு எழுதிறதுதான் என்ரை வேலை. நிலை அறிக்கை எண்டு அதுக்குப் பேர். வாங்கிற சனம் அந்த அறிக்கையை நம்பித்தான் கையைத் தூக்கும். அதிலையும் எனக்கெண்டு ஒதுக்கிக் கிடந்தது பழைய பிரெஞ்சுப் பீங்கான் பூச்சாடியள்.

பூச்சாடி எண்டவுடனை பிளாஸ்டிக் ரோசாப்பூக் குத்தி வைக்கிற சாமானை நினைக்காதேங்கோ. இருநூறு வருசத்துக்கு முந்திப் பாரிசிலை செய்தது. அந்த நேரம் அங்கத்தைச் சனத்துக்குப் பழைய கிரேக்க, ரோமச் சாமான்களிலை ஒரு விசர். கோயில் தூண், கல் தாழி எல்லாத்தையும் பாத்துப் பாத்துப் பீங்கானிலை செய்தவை. வளைவு நெளிவு இல்லை, நிமிந்து நிக்கும். சதுர அடி, மெலிஞ்ச கால், முட்டை மாதிரி வயிறு, இரண்டு பக்கமும் அன்னத்தின்ரை கழுத்திலை கைப்பிடி. முன்பக்கம் ஓவியம், பின்பக்கம் வெள்ளையிலை பொன் மாலை. ஒண்டாய் வராது, எப்பவும் சோடியாத்தான் வரும். முதல்முதல் ஒரு சோடியைப் பெட்டிக்குள்ளாலை எடுத்து மேசையிலை வைச்ச அண்டைக்கு, எனக்கு நெஞ்சு அடிச்ச அடி பக்கத்திலை நிண்டவைக்குக் கேட்டிருக்கும்.

நான் நோர்வேக்கு வந்து முதல் நிண்ட இடம் ஹம்மர்பெஸ்ட். மீன் தொழிற்சாலை. கீழை வெளிச்சம் எரியிற கண்ணாடி மேசையிலை மீன் சதைத் துண்டைப் போட்டு, அதுக்குள்ளை முள்ளு கிடக்கோ புழு கிடக்கோ எண்டு பாத்துப் பிடுங்கிற வேலை. ஒரு துண்டுக்கு ஒரு கண் வெட்டுத்தான் நேரம். ஆறு வருசம் செய்தனான். மிச்சம் எல்லாருக்கும் நடந்த கதைதான்: குளிர், கலியாணம், ஒரு மகள், பேந்து ஒஸ்லோ, எல்லிங்ஸ்ருட்டிலை ஒரு ஃபிளாட். ஒஸ்லோவிலை கிடைச்ச முதல் வேலை அந்த ஏலக்கடையைக் கூட்டித் துடைக்கிறது.

இரண்டாம் மாசம் இங்ரித் என்னைக் கூப்பிட்டா. பீங்கான் பகுதிக்குப் பொறுப்பான மனிசி. ஆள் நெடுவல், பாதி நரைச்ச தலைமயிரைச் சுருட்டி ஒரு பென்சிலைக் குத்தி வைச்சிருப்பா. அலுமாரித் தட்டிலை எல்லாம் துடைச்சிருக்கு, உந்த ஒரு பூச்சாடியிலை மட்டும் ஏன் தூசி கிடக்கு எண்டு கேட்டா. "அதின்ரை கைப்பிடி ஒட்டினது. துணி பட்டால் கையோடை வந்திடும்" எண்டு எனக்குத் தெரிஞ்ச நொண்டி நோர்வே மொழியிலை சொன்னன். அவ கிட்டப் போய்ப் பாத்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தா. விளக்கைக் கொண்டுவந்து பாத்தா. "இதைப் பழுதில்லை எண்டு நேற்று நான்தான் எழுதினனான்" எண்டா. பேந்து என்ரை கையிலை இருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரிலை சாத்திப்போட்டு, உள்ளுக்கு வா எண்டா. எனக்கு நடந்த நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

படிப்பு, பின்னேர வகுப்பு, சோதினை எல்லாம் பேந்து மெல்ல மெல்ல நடந்தது. அதை எழுதி உங்களை நித்திரையாக்க மாட்டன். ஆனால் இங்ரித் பழக்கின முறையைச் சொல்லத்தான் வேணும். முதல் நாள், கையிலை கழுத்திலை கிடக்கிற நகை எல்லாத்தையும் கழட்டு எண்டா. உலோகம் பீங்கானிலை ஒருக்காத் தட்டினால் காணும். மோதிரம் கழட்டினன், காப்புக் கழட்டினன். தாலிக்கொடியைக் கழட்டுவனே? ஏலாது எண்டு நிண்டன். அவ ஏனெண்டு ஒரு கேள்வி கேக்கேல்லை. அடுத்த கிழமை கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டுற ஒரு தடிச்ச மேலங்கி தைப்பிச்சுக் கொண்டுவந்து தந்தா. ஓய்வு பெறுமட்டும் அதைத்தான் போட்டனான்.

பூச்சாடியைக் கைப்பிடியிலை தூக்கக்கூடாது, கழுத்திலை பிடிக்கக்கூடாது. ஒரு கை அடிக்குக் கீழை, மற்றக் கை வயித்திலை. ஒராளிட்டை இருந்து ஒராள் வாங்கேக்கை, வாங்கிறவர் "என்னட்டை இருக்கு" எண்டு வாய் திறந்து சொல்ல வேணும். தலையாட்டினால் காணாது. சொல்லுமட்டும் குடுக்கிறவர் விடக்கூடாது. வீட்டிலை என்ரை மனிசன் கறிச்சட்டியை நீட்டினாலும் "என்னட்டை இருக்கு" எண்டு சொல்லுற அளவுக்கு அது எனக்கு ஊறிப் போச்சு. அவர் அதை வைச்சு என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

எல்லாத்திலையும் எனக்குக் கஷ்டமா இருந்தது எச்சில். பொன் பூசின இடத்திலை அழுக்குக் கிடந்தால், ஒரு குச்சியிலை பஞ்சைச் சுத்தி, அதை வாயிலை வைச்சு நனைச்சு, மெல்ல உருட்டித் துடைக்கிறது. உலகம் முழுக்க இந்தத் தொழில்காரர் செய்யிற வேலை, எச்சிலைப் போலை பக்குவமா அழுக்கெடுக்கிற மருந்து இல்லையாம். எனக்குச் சத்தி வராத குறை. ஆரின்ரையோ வீட்டு மேசையிலை வைக்கப்போற சாமானிலை என்ரை எச்சிலோ? ஒரு மாசம் இங்ரித் காணாமல் பைப் தண்ணியிலை நனைச்சனான். ஒருநாள் அவ பஞ்சைப் பாத்திட்டு, "இது தண்ணி" எண்டா. எப்பிடித்தான் கண்டுபிடிச்சாவோ தெரியாது. அண்டையிலையிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாயிலை வைச்சனான். வீட்டை வந்து இரண்டுதரம் வாய் கொப்பளிப்பன்.

இங்ரித் புகழ மாட்டா, ஏச மாட்டா. சத்தமாக் கதைச்சு ஒருநாளும் நான் கேக்கேல்லை. நான் அறிக்கையை நீட்டினால் வாசிக்க முன்னமே "இன்னொருக்காப் பார்" எண்டுவா. பாத்துப்போட்டுத்தானே தாறன் எண்டு எனக்கு உள்ளுக்குக் கொதிக்கும். ஆனாப் போய்ப் பாப்பன். பாத்தால் ஏதாவது ஒண்டு தட்டுப்படும், அதுதான் இன்னும் கொதி. முதல் பார்வை கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு. இரண்டாவது கையாலை தடவி, விரல் மொளியாலை தட்டிச் சத்தம் கேட்டு. மூண்டாவது அறையை இருட்டாக்கி, நாவல் நிறத்திலை எரியிற புறஊதா வெளிச்சம் அடிச்சு. பீங்கான் ஒரு நிறத்திலை தெரியும், பிறகு பூசின பூச்சு வேறை நிறத்திலை எரியும். எழுதேக்கை கண்டது மட்டும். ஆர் உடைச்சது, ஏன் உடைஞ்சது எண்டு ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. "நினைச்சதை வீட்டை கொண்டு போ, கண்டதை இஞ்சை வைச்சிட்டுப் போ" எண்டுவா.

கடைசி வருசங்களிலை கதை மாறிச்சுது. சாமான் வர முன்னமே வீட்டுக்காரர் கைத்தொலைபேசியிலை படம் எடுத்து அனுப்புவினம், நாங்கள் படத்தைப் பாத்து முதல் அறிக்கை எழுத வேணும் எண்டு மேலிடத்திலையிருந்து வந்தது. இங்ரித் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினா. அதை ஆரும் கவனிக்கேல்லை. நான் புறுபுறுத்துக்கொண்டு படம் பாத்து எழுதத் தொடங்கினன். அதிலை எனக்கு ஒரு கெட்டித்தனமும் வந்திட்டுது எண்டு நினைப்பு வேறை.

நான் ஓய்வு பெற ஒண்டரை வருசம் இருக்கேக்கை எரிக் எண்டு ஒருத்தர் படம் அனுப்பினார். எழுபது தாண்டினவர், கப்பல் கொம்பனியிலை பெரிய பதவியிலை இருந்தவர். நகரத்தின்ரை மேற்குப் பக்கத்திலை தோட்டம் துரவோடை வீடு, அதை வித்துப்போட்டு ஃபிளாட்டுக்கு மாறப் போறார். தாய் வழியிலை வந்த ஒரு சோடிப் பிரெஞ்சுப் பூச்சாடி. படத்தைப் பாத்தவுடனை நான் கதிரையிலையிருந்து எழும்பிட்டன். ஒண்டிலை துறைமுகமும் இடிஞ்ச தூண்களும், மற்றதிலை ஆத்தங்கரையிலை ஆடு மேய்க்கிற பெட்டை. இருபத்தாறு வருசத்திலை அப்பிடி ஒரு சோடி நான் காணேல்லை. அறிக்கை எழுதினன். "நல்ல நிலை. ஒட்டு வேலை இல்லை. துறைமுகப் பூச்சாடியின்ரை அடியிலை பொன் அழுக்காக இருக்கு." அதைப் படத்தோடை அவருக்கு அனுப்பினன்.

அந்தக் கடைசி வசனத்தை நான் எழுதாமல் விட்டிருக்கலாம்.

இரண்டு கிழமை கழிச்சுப் பெட்டி வந்தது. இங்ரித் திறந்தா, நான் மற்றப்பக்கம் நிண்டு வாங்கினன். துறைமுகப் பூச்சாடியின்ரை காலிலையும் சதுர அடியிலையும் பொன் இல்லை. இருந்த இடத்திலை வெள்ளைச் சாந்து கரைஞ்சு நிக்குது, அதுக்குள்ளாலை மஞ்சள் பசைக் கோடு வளைஞ்சு ஓடுது. கூடவே எரிக்கின்ரை கடிதம். வீடு துப்பரவாக்க வாற பெண் ஏதோ மண்ணிறப் புளிப்பு மருந்து போட்டுத் தேய்ச்சு நாசமாக்கிப் போட்டாவாம். அவ வேலை செய்யிற கொம்பனிக்கு முறைப்பாடு போட்டாச்சாம். சாமான் முதல் எப்பிடி இருந்தது எண்டதுக்கு எங்கடை அறிக்கையே சாட்சியாம். செவ்வாய்க்கிழமை தானும் வந்து நிப்பாராம், சேதத்தை எழுதித் தர வேணுமாம். மண்ணிறப் புளிப்பு மருந்து எண்டதை வாசிச்ச உடனை எனக்கு விளங்கிப் போச்சு. உது பழப்புளி, தேய்ச்சது எங்கடை ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளை என்ரை வாசலிலை வந்து நிண்டாள். சுகந்தி எண்டு பேர், முப்பது வயசு இருக்கும், ஸ்டோவ்னரிலை ஒரு அறை எடுத்து இருக்கிறாள். ஏலக்கடையிலை ஒரு தமிழ் அக்கா இருக்கிறா எண்டு ஆரோ சொல்லித் தேடிப்பிடிச்சு வந்திருக்கிறாள். கையிலை ஒரு பை முருங்கைக்காய். உள்ளுக்கு வந்ததும் இருக்கக்கூட இல்லை.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். அது முதலே உடைஞ்சிருந்தது எண்டு எழுதுங்கோ."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? பொய் எழுதவோ நான் இவ்வளவு காலம் அங்கை நிண்டது? முருங்கைக்காயையும் கொண்டு வந்திட்டாய். எடுத்துக்கொண்டு போ."

அவள் போகேல்லை. அழவும் இல்லை. அவளின்ரை மனிசன் இன்னும் ஊரிலை. அவரை இஞ்சை கூப்பிட அலுவல் பாக்கிறாள், அதுக்கு அவளுக்கு நிரந்தர வேலை இருக்க வேணும். கொம்பனி அவளை வீட்டிலை நிக்கச் சொல்லிப்போட்டுது. செவ்வாய்க்கிழமை அறிக்கையைப் பாத்து நிப்பாட்டுவினமாம். நாலு வருசமா அந்த மனிசனைப் போனிலைதான் பாக்கிறன் அக்கா எண்டாள். நான் போய்த் தேத்தண்ணியைப் போட்டன்.

"சரி, ஏன் பழப்புளி போட்டனீ? ஆர் உனக்குப் பீங்கானுக்குப் புளி போடச் சொன்னது?"

"அந்த வீட்டுக்காரரின்ரை பித்தளை விளக்குத்தண்டுக்கு முந்தி ஒருக்காப் போட்டனான் அக்கா. பளபளவெண்டு வந்தது. அவருக்குச் சரியான சந்தோசம். உதென்ன மருந்து எண்டு கேட்டு எழுதியும் வைச்சவர். இந்தமுறை, ஏலக்கடையிலை இருந்து கடிதம் வந்திருக்கு, அடியிலை அழுக்காம், நாளைக்கு ஏத்த வருவினம், துப்பரவாக்கு எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போட்டார். நான் பாத்தன், அது கறுத்துப்போய்க் கிடந்தது. எங்கடை குத்துவிளக்குக் கறுக்கிற மாதிரி. அதுதான் புளியைப் பிசைஞ்சு போட்டனான். துணியெல்லாம் பச்சையா வந்தது. பேந்து பாத்தால் வெள்ளையாக் கிடக்கு. எனக்குக் கால் கை ஓடேல்லை."

ஏலக்கடையிலை இருந்து வந்த கடிதம். அது என்ரை கடிதம். ஆனாலும் பொய் எழுத மாட்டன் எண்டுதான் அவளை அனுப்பினன். முருங்கைக்காயைக் கதவு நிலையோடை வைச்சிட்டுப் போயிட்டாள்.

அடுத்தநாள் காலமை டி-பான எண்டுற சுரங்க ரயிலிலை யன்னல் பக்கம் குந்தியிருக்கிறன். அவள் சொன்னது மண்டைக்குள்ளை சுத்திக்கொண்டிருக்கு. கறுத்துப்போய்க் கிடந்தது. துணி பச்சையா வந்தது. என்னை அறியாமல் கை கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைத் தடவுது. வேர்வை, சவர்க்காரம், ஹம்மர்பெஸ்ட் மீன் தண்ணி எல்லாம் பட்ட கொடி. மங்கியிருக்கு, ஒருநாளும் கறுக்கேல்லை.

பொன் கறுக்காது. சூளையிலை சுட்டு ஏத்தின பொன் இருநூறு வருசம் போனாலும் கறுக்காது. தேயும், கீறும், அழியும், கறுக்காது. கறுக்கிறது பித்தளை. புளி பட்டுத் துணியிலை பச்சையா வாறதும் பித்தளை. அந்தப் பிள்ளை பூச்சாடியைக் கெடுக்கேல்லை. ஆரோ எப்பவோ உடைச்சு, ஒட்டி, மேலாலை பித்தளைத்தூள் பூச்சைப் பூசி மறைச்சு வைச்சதைக் கழுவி எடுத்திருக்கிறாள். பொய்யெண்டு நினைச்சு அவள் என்னட்டைக் கெஞ்சினது முழுக்க உண்மை. நான் எழும்பி நிண்டிட்டன். ட்வெய்ட்டா ஸ்டேசனிலை ஏறின ஒரு கிழவர் தனக்கு இடம் விடுறா எண்டு நினைச்சுத் தாங்க்ஸ் சொல்லிப்போட்டு என்ரை இருக்கையிலை குந்தினார். நான் ஒஸ்லோ நடுவுக்குப் போகுமட்டும் நிண்டுகொண்டே போனன், இருக்க ஏலுமே எனக்கு.

இங்ரித்திட்டை எல்லாத்தையும் ஒரே மூச்சிலை சொன்னன். பிள்ளை வீட்டை வந்தது, கேட்டது, நான் மறுத்தது, ரயிலிலை யோசிச்சது, எல்லாம். அவ பென்சிலைத் தலையிலையிருந்து உருவி மேசையிலை வைச்சா.

"அப்ப உன்ரை அறிக்கை பிழை."

"ஓம். பிழை."

"நீ நினைக்கிறாயோ, கண்டனியோ?"

"இன்னும் காணேல்லை."

"நாளைக்கு அவர் முன்னாலை பார். நீ பாத்துச் சொல்லு, நான் எழுதிறன். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லு. அவவைப் பற்றின அலுவல், அவ வெளியிலை கதிரையிலை இருக்கட்டும்." வெளியாள் ஆரையும் அந்த அறைப்பக்கம் இங்ரித் விட்டு நான் அதுக்கு முதல் காணேல்லை.

செவ்வாய்க்கிழமை எரிக் வந்தார். நல்ல கோட்டு, விறைச்ச முகம். சுகந்தி நடையிலை குந்தியிருந்தவள் எழும்பி நிண்டாள். அவர் அவளைப் பாக்காமல் உள்ளுக்கு வந்தார். இரண்டு பூச்சாடியையும் மேசையிலை வைச்சம். நான் மேலங்கியைக் கழுத்து மட்டும் பூட்டினன். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு முதல் பார்வை. புளி படாத ஒரு மூலை பின்பக்கத்திலை இருந்தது, அவள் பயந்துபோய் அரைவாசியிலை விட்டிருக்கிறாள். அந்த மூலை மண்ணிறம். மற்றப் பூச்சாடியின்ரை அதே மூலை மஞ்சள். சொன்னன், இங்ரித் எழுதினா.

நகப்பூச்சு அழிக்கிற மருந்திலை பஞ்சைத் தொட்டு ஆடு மேய்க்கிற பெட்டையின்ரை பூச்சாடிப் பொன்னிலை உருட்டினன். பஞ்சு வெள்ளை. துறைமுகத்தின்ரை மண்ணிற மூலையிலை உருட்டினன். பஞ்சு மண்ணிறமா வந்தது, வெளிச்சத்திலை பிடிச்சால் தூள் மினுங்குது. எரிக் கிட்ட வந்து பாத்தார். அறையை இருட்டாக்கி நாவல் வெளிச்சம் அடிச்சன். கால் முழுக்கச் சுத்திவர ஒரு வளையம் பால் நிறத்திலை எரிஞ்சுது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆனாக் குரலை உயர்த்தேல்லை, ஒவ்வொண்டாச் சொன்னன்.

"பழைய ஒட்டு எண்டு சொல்லுறியளோ?" எரிக் கேட்டார். "நல்ல நிலை எண்டு எழுதித் தந்தியளே. ஆர் எழுதினது அதை?"

"நான்" எண்டன். "படத்தைப் பாத்து எழுதினனான். பிழை. பொன் அழுக்கு எண்டதும் பிழை. நீங்கள் அதை வாசிச்சுத்தான் துப்பரவாக்கச் சொன்னீங்கள்." இங்ரித் தலை நிமித்தாமல் அதையும் எழுதினா. வசனம் வசனமா, என்ரை பேரோடை.

ஆனாலும் அவர் மசியேல்லை. எப்பத்தைய ஒட்டு எண்டு எப்பிடித் தெரியும், போன மாசம் ஒட்டினதாயும் இருக்கலாமே எண்டார். நியாயமான கேள்விதான். அதுக்கு ஒரு வழி இருந்தது. உந்தப் பூச்சாடியள் ஒரே துண்டு இல்லை. வயிறு வேறை, கால் வேறை. நடுவாலை ஒரு இரும்புக் கம்பி போய், அடியிலை மரையாணி பூட்டி இறுக்கியிருக்கும். உடைஞ்சதை ஒட்டினவர் அதைக் கழட்டித்தான் ஒட்டியிருக்க வேணும். இங்ரித் பூச்சாடியைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு "என்னட்டை இருக்கு" எண்டா. நான் மரையாணியைத் திருகினன். அசையேல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாத்துக்கொண்டு நிண்டம். பேந்து மெல்ல அசைஞ்சுது. அரைச் சுத்து. ஒரு சுத்து. மரையாணி என்ரை உள்ளங்கையிலை விழுந்தது.

மரையாணிக்கும் பீங்கானுக்கும் நடுவிலை மெத்தை மாதிரி ஏதாவது வைக்கிறது வழமை. அந்தக் காலத்திலை தோல் வைப்பினம், தக்கை வைப்பினம். இதிலை இருந்தது ரப்பர். வட்டமாக் கத்தரிக்கோலாலை வெட்டின ஒரு துண்டு, காய்ஞ்சு கல்லாப் போயிட்டுது. தட்டையா இல்லை, கொஞ்சம் குழிவா வளைஞ்சிருந்தது. உள்பக்கம் சாம்பல் நிறம். திருப்பினன். வெளிப்பக்கம் சிவப்பு, அதிலை வெள்ளைக் கோடு ஒண்டு.

"பழைய ரப்பர்" எண்டு இங்ரித்துக்குச் சொன்னன். "சிவப்பு. ஏதோ உருண்டைச் சாமானிலையிருந்து வெட்டினது."

எரிக் கையை நீட்டினார். நான் குடுத்தன். அவர் அந்தத் துண்டை விரலாலை தடவினார். பேந்து கதிரையை இழுத்து இருந்தார்.

"இது என்ரை பந்து" எண்டார்.

அவருக்கு ஆறு வயசாம். மழை நாளாம். வீட்டுக்குள்ளை பந்தெறியக்கூடாது எண்டு தகப்பன் சொல்லியிருந்தவராம். எறிஞ்சாராம், பூச்சாடி சரிஞ்சுதாம். தாய் ஓடிவந்து அவரைத் தூக்கி மற்ற அறையிலை விட்டுக் கதவைச் சாத்தினாவாம். அடுத்தநாள் பாத்தால் பூச்சாடி முந்தி நிண்ட மாதிரியே நிக்குதாம். பந்தை மட்டும் காணேல்லையாம். நத்தார்ச் சோடனைக்குப் பைன் மரக் கூம்புக்காய்களிலை பூசுற பொன்பூச்சுப் போத்தில் ஒண்டு எப்பவும் தாயின்ரை தையல் பெட்டிக்குள்ளை கிடக்குமாம். தான் பழைய ஞாபகத்தைச் சொல்லுறன் எண்டுதான் அவர் தொடங்கினவர். சொல்லச் சொல்லத்தான், ஒட்டி மறைச்சது தாய்தான் எண்டு அவருக்கே விளங்கிச்சுது.

இங்ரித் எழுதினதை என்னட்டை நீட்டினா. உடைஞ்ச கால், பழைய ஒட்டு, பித்தளைத்தூள் பூச்சு, ரப்பர் வளையம், அண்மையிலை துப்பரவாக்கினதிலை பூச்சு நீங்கி ஒட்டு வெளிக்குத் தெரியுது. வாசிச்சுக் கையெழுத்து வைச்சன்.

எரிக் எழும்பிக் கோட்டைப் பூட்டினார். நல்லது, கொம்பனிக்கு இந்தக் கிழமைக்குள்ளை ஒரு கடிதம் போடுறன் எண்டார். இந்தக் கிழமைக்குள்ளையோ? எனக்கு விசர் வந்திட்டுது. நான் வாயைத் திறக்க முதல் இங்ரித் போய்க் கதவைத் திறந்து, "நீங்களும் வந்து பாருங்கோ" எண்டு சுகந்தியைக் கூப்பிட்டா.

அவள் வந்து மேசைக்கு இரண்டடி தள்ளி நிண்டாள். நான் தமிழிலை சொன்னன், பிள்ளை, நீ ஒண்டும் உடைக்கேல்லை, இது அறுபது வருசத்துக்கு மேலான உடைப்பு எண்டு. அவள் என்ரை முகத்தையே பாத்தாள். "எனக்காகப் பொய் எழுதிப்போட்டியளோ அக்கா? வேண்டாம் அக்கா. உங்கடை வேலை போயிடும். நான் கேட்டது பிழை, நான் போய்ச் சொல்லுறன்" எண்டாள். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அவளின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் ரப்பர் துண்டைக் காட்டினன். பந்துக் கதையை ஒண்டும் விடாமல் சொன்னன். அவள் சிவப்புப் பக்கத்தைப் பாத்தாள், பேந்து எரிக்கைப் பாத்தாள். தெரிஞ்ச நாலு நோர்வேச் சொல்லைக் கூட்டிப் பொறுக்கி நேரை அவரிட்டைக் கேட்டாள்.

"அம்மா அடிச்சவவோ?"

எரிக் அதை எதிர்பாக்கேல்லை. "இல்லை" எண்டார். "ஒண்டும் நடக்கேல்லை, பயப்பிடாதை எண்டு சொன்னவ."

சுகந்தி தலையாட்டினாள். கோவம் ஒண்டும் இல்லை அவளின்ரை குரலிலை. ஒரு தகவலைச் சொல்லுற மாதிரித்தான் சொன்னாள்.

"நீங்கள் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை."

எரிக்கின்ரை கழுத்திலையிருந்து முகம் மட்டும் சிவந்துகொண்டு போனதை நான் பாத்தன். அவர் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார். வெளியிலை போகேல்லை, அவளுக்கு முன்னாலை நிண்டுகொண்டே அந்தக் கொம்பனிக்கு எடுத்தார். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன், இவவை நாளைக்கே வேலைக்கு விடுங்கோ எண்டார். பூச்சாடி அப்ப ஆர் உடைச்சதாம் எண்டு அந்தப்பக்கம் கேக்கிறது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"நான்" எண்டார் எரிக். "ஆறு வயசிலை."